கதவு வைக்காத பஸ்

கையைக் கட்டிக்கொண்டு நிற்பதற்குக்கூட டிரெய்னிங் உண்டு என்பது எனக்கு அந்த வாரம்தான் தெரிந்தது. முன்னால் கட்டக் கூடாதாம், வாத்தியார் மாதிரி இருக்கும், பிள்ளைகள் மிரளும். பின்னால்தான் கட்ட வேண்டும். பிள்ளை எதைச் செய்தாலும் நாம் தொடக் கூடாது. தலைகீழாக மாட்டினாலும் தொடக் கூடாது, சரியப் போகிறது என்று கண்ணுக்குத் தெரிந்தாலும் தொடக் கூடாது.

"விழட்டும். அவங்களே மறுபடி கட்டுவாங்க. அதுக்குத்தான் வர்றாங்க," என்றார் லீலா மேடம். எங்களைப் பழக்குவதற்காக பெங்களூரிலிருந்து வந்தவர். கோபமே வராத மனுஷி. எனக்கு அப்படிப்பட்டவர்களைக் கண்டால் கொஞ்சம் பயம்.

எங்கள் பக்கத்தில் காம்பவுண்டு சுவரும் கேட்டும் வைத்து எதைக் கட்டினாலும் அதற்குப் பெயர் கம்பெனி. ஒரகடத்திலிருந்து வடக்குப்பட்டு போகிற வழியில் புதிதாக எழும்பிய அந்த விளையாட்டுப் பூங்காவையும் நாங்கள் பிளாக் கம்பெனி என்றுதான் சொன்னோம். ஒன்றின் தலையில் ஒன்றை அழுத்தி மாட்டுகிற பிளாஸ்டிக் பிளாக்குகள்தான் அங்கே எல்லாம். அதிலேயே யானை, அதிலேயே ரயில், அதிலேயே பனைமர உயரத்துக்கு ஒரு கலங்கரை விளக்கம். நடுவில் பெரிய ஹால். வட்ட மேசைகள், மேசையைச் சுற்றிக் கலர் வாரியாகப் பெட்டிகள். பிள்ளைகள் உட்கார்ந்து மனதில் தோன்றுவதைக் கட்டலாம். நானும் கலைமதியும் அந்த ஹாலில் வேலைக்குச் சேர்ந்திருந்தோம்.

கலைமதி மண்ணூரில் என் தெருக்காரி. வருஷக்கணக்காக சுங்குவார்சத்திரத்துப் பக்கம் ஒரு போன் கம்பெனியில் இன்ஸ்பெக்ஷனில் இருந்தவள். பெல்ட்டில் வருகிற பீஸை எடுப்பாள், திருப்புவாள், ஏதாவது பாகம் விட்டுப் போயிருந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளுவாள். காண்ட்ராக்ட் முடிந்தது என்று அவளை அனுப்பிவிட்டார்கள். அவளுடைய கை மட்டும் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறது. வீட்டில் இட்லியைக்கூடத் திருப்பிப் பார்க்காமல் தட்டில் வைக்க மாட்டாள். நான் கார் சீட் தைக்கிற கம்பெனியில் இருந்து வந்தவள், என் லட்சணமும் அதேதான். எங்கே தையல் பிரிந்திருந்தாலும் விரல் தானாகப் போய் நிற்கும். எங்களைப் போன்றவர்களிடம் போய்க் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சும்மா நில் என்றால் எப்படி இருக்கும்? டிரெய்னிங் முடிவதற்குள் எனக்கு உள்ளங்கையெல்லாம் அரிப்பெடுத்தது.

கலைமதி இந்த வேலைக்கு வந்ததே அவள் மகள் பூஜாவுக்காகத்தான்.

பூஜா மூன்றாவது படிக்கிறாள். பூங்கா வரப் போகிறது என்று ரோட்டோரம் போர்டு வைத்த நாளிலிருந்து அந்தப் பிள்ளை ஓர் இடத்தில் உட்காரவில்லை. சுவர் எவ்வளவு எழும்பியிருக்கிறது, யானைக்குத் தும்பிக்கை வைத்துவிட்டார்களா என்று அந்தப் பக்கம் போய் வருகிற லாரிக்காரர்களைக்கூட விடாமல் கேட்பாள். எங்கள் தெருப் பிள்ளைகள் ஆடுகிற ஆட்டமே கம்பெனி ஆட்டம்தான். அட்டையை வெட்டிக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்ளும், ஒன்று செக்யூரிட்டியாக நின்று மற்றதுகளின் பாக்கெட்டைத் தடவிப் பார்க்கும், ஒன்று லைன் லீடராகக் கத்தும். பூஜா மட்டும் அதில் சேராமல் மூலையில் தெர்மாகோல் துண்டையும் பாட்டில் மூடியையும் வைத்துக்கொண்டு ஏதாவது கட்டிக்கொண்டிருப்பாள். கட்டுவதும் கலைப்பதும்தான். என்ன கட்டுகிறாய் என்று கேட்டால், "ஒரிஜினல் பிளாக் வரட்டும் ஆன்ட்டி, அப்ப பாரு" என்பாள்.

திறப்பு விழாவுக்கு முன்னால் ஒரு ட்ரையல் வைத்தார்கள். சுற்று வட்டாரத்துப் பள்ளிகளிலிருந்து பிள்ளைகளை பேட்ச் பேட்சாகக் கூப்பிட்டு, அவர்களை வைத்து எங்களைப் பழக்குவது. பூஜாவின் பள்ளிக்கும் இடம் கிடைத்தது. ஒரு பிள்ளைக்கு ஒரு முறைதான். பூங்கா திறந்துவிட்டால் டிக்கெட் வாங்கித்தான் உள்ளே வர முடியும், அந்த டிக்கெட் எங்களை மனதில் வைத்துப் போட்டது இல்லை. ஆக, பூஜாவுக்கு அந்த ஒரு பொழுதுதான்.

அதில் இன்னொன்றும் இருந்தது. கட்டி முடித்ததைப் பிள்ளைகள் மஞ்சள் தட்டில் வைக்க வேண்டும். தட்டில் வந்தவை வாசலில் இருக்கிற கண்ணாடி ஷெல்புக்குப் போகும், திறப்பு விழா முடிந்தும் அங்கேயே நிற்கும். மேசையில் பாதியில் கிடப்பதை நாங்கள் பிரித்துப் பெட்டியில் போட்டு அடுத்த பேட்சுக்குத் தயாராக வைக்க வேண்டும். இதைக் கேள்விப்பட்டதிலிருந்து பூஜாவுக்கு ஒரே நினைப்பு. அவள் கட்டுவது அந்தக் கண்ணாடிக்குள் போக வேண்டும்.

"எதுக்குடி, ஊரே பாக்கணுமா?" என்று சீண்டினேன்.

"ஊரு இன்னாத்துக்கு? அம்மா டெய்லி அந்த வழியாத்தான உள்ள போவும். அம்மா பாக்கணும்," என்றாள்.

ட்ரையல் அன்று காலை வேனில் கலைமதி உட்காரவே இல்லை. சீட் காலியாக இருந்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள், குடிக்காமல் மூடினாள்.

"அவ டேபிள்ல என்னைப் போட மாட்டாங்களாம். சொந்தப் புள்ள இருந்தா கை நீளுமாம். மேடம் சொல்லிட்டாங்க," என்றாள்.

"என் டேபிள்ல உக்கார வச்சிக்கறேன். நீ ஏண்டி பறக்கற?"

"காலைல சாப்பிடவே இல்லடி அவ. வயித்துக்குள்ள என்னமோ ஓடுதுங்கறா."

"உனக்கும் அதான் ஓடுது. உக்காரு மொதல்ல."

உட்கார்ந்தாள். அடுத்த ஸ்பீட் பிரேக்கரில் மறுபடி எழுந்துவிட்டாள்.

பிள்ளைகள் உள்ளே வந்தபோது ஹால் ஹாலாக இல்லை. பெட்டிகளில் கையை விட்டு அலசுகிற சத்தமே மழை பெய்கிற மாதிரி இருந்தது. ஒரு பையன் எதையும் கட்டாமல் சிவப்புப் பிளாக்குகளை மட்டும் பொறுக்கி டிராயர் பாக்கெட்டில் திணித்தான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை, ஆனால் கை பின்னால் இருந்தது. பூஜா என் மேசையில் உட்கார்ந்தாள். வந்ததும் ஒரு முறை நிமிர்ந்து ஹாலின் மறு கோடி மேசையில் நின்ற அம்மாவைப் பார்த்தாள். அதற்குப் பிறகு நிமிரவே இல்லை.

பஸ் கட்டினாள். நீல பஸ், நடுவில் வெள்ளைக் கோடு. பார்த்ததும் தெரிந்தது, கலைமதியைப் பல வருஷம் ஏற்றிக்கொண்டு போன போன் கம்பெனி பஸ் அது. சக்கரம் வைத்தாள், ஜன்னல் வைத்தாள், உள்ளே சீட் சீட்டாக அடுக்கினாள், முன்னால் டிரைவர் பொம்மையை உட்கார வைத்தாள். பிசிறு இல்லாத வேலை. கதவு மட்டும் இல்லை. கதவு வர வேண்டிய இடத்திலும் நீலச் சுவரை எழுப்பிக்கொண்டு போனாள்.

பெட்டியில் திறந்து மூடுகிற குட்டிக் கதவுகள் கிடந்தன. எனக்கு மனசு கேட்கவில்லை. லீலா மேடம் அந்தப் பக்கம் திரும்பிய நேரமாகப் பார்த்து ஒரு கதவை விரலால் அவள் பக்கம் தள்ளினேன். அவள் அதை அதே விரல் வேகத்தில் என் பக்கம் திருப்பித் தள்ளினாள்.

"டோர் வைக்கலியா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"வேணாம் ஆன்ட்டி."

அதற்குமேல் நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

முடிந்தது என்பதற்கு மணி அடிக்கவில்லை, பஸர் அடித்தது. யார் வாங்கி மாட்டினார்களோ, ஷிப்டு விடுகிற அதே பஸர், அதே சத்தம். பூஜா பஸ்ஸை இரண்டு கையாலும் ஏந்தி மஞ்சள் தட்டில் வைத்தாள். கொஞ்சம் தள்ளிப் போய்த் திரும்பிப் பார்த்துவிட்டு வரிசையில் நின்றாள். பெயர்ச் சீட்டு ஒட்டுவது சாப்பாட்டுக்குப் பிறகு என்று சொல்லியிருந்தார்கள். பிள்ளைகளைச் சாப்பாட்டுக் கூடத்துக்கு அழைத்துப் போகிற வேலை எனக்கு. மேசைகளைச் சுத்தம் செய்து தட்டுகளை வாசலுக்கு அனுப்புவது கலைமதிக்கு.

அடுத்த பேட்ச் ஏற்கெனவே கதவுக்கு வெளியே சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. ஹாலுக்குப் பொறுப்பு ரகு சார். அவரும் ஏதோ ஒரு கம்பெனியில் ஷிப்டு இன்சார்ஜாக இருந்து வந்தவர்தான். "டேபிள் கிளியர் பண்ணுங்கம்மா, சீக்கிரம், சீக்கிரம்" என்று அவர் கை தட்டியது எனக்கு வராண்டா வரைக்கும் கேட்டது. சாம்பார் சாதம் பரிமாறி, சிந்தியவர்களைத் துடைத்துவிட்டு நான் திரும்பி வந்தபோது மேசைகள் துடைத்துவிட்ட மாதிரி இருந்தன. நீலம் நீலப் பெட்டியில், வெள்ளை வெள்ளைப் பெட்டியில். கலைமதி நெற்றி வேர்வையைத் துப்பட்டாவால் ஒற்றிக்கொண்டு நின்றாள். பல நாள் கழித்து அவள் முகத்தில் ஒரு நிம்மதியைப் பார்த்தேன். கைக்கு வேலை கிடைத்திருக்கிறது அல்லவா.

மஞ்சள் தட்டுகளில் தேடினேன். ராக்கெட் இருந்தது, கோயில் இருந்தது, கால் மூன்றோடு ஒரு நாய் இருந்தது.

"பஸ்ஸு எங்கடி?"

"எந்த பஸ்ஸு?"

"நீல பஸ்ஸு. வெள்ளக் கோடு போட்டது."

"ஓ, அதுவா. டோர் இல்லாம கீது, பாத்தியா? முடிக்காத பீஸை எந்தப் புள்ளயோ தட்டுல வச்சிட்டுப் போயிருக்கு. மிஸ்ஸிங் பார்ட்டு. பிரிச்சிப் போட்டுட்டேன்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன், ஆனாலும் நான் சொல்ல வேண்டும் என்று நின்றாள்.

"பூஜா கட்டுனதுடி அது," என்றேன்.

கலைமதி நீலப் பெட்டிக்குள் இரண்டு கையையும் விட்டாள். எதைத் தேடினாளோ, எல்லாம் ஒரே நீலம். நாய்க்குக் கால் மூன்று இருந்தது உன் கண்ணில் படவில்லையா, பஸ்ஸுக்குக் கதவு இல்லாததுதான் பட்டதா என்று அவளைக் கேட்க வாய் துடித்தது. கண்ணில் பட்டிருக்கும், நாயையும் பிரிக்கக் கைக்கு நேரம் இருந்திருக்காது, அவ்வளவுதான். அவள் மேல் ஆத்திரம் வந்தது. பெயர்ச் சீட்டைச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொண்ட ரகு சார் மேல் வந்தது. மனசு கேட்காமல் கதவைத் தள்ளிவிட்டவள், இவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாமே என்று என் மேலும் வந்தது. அதற்குள் ரகு சார் வெளிக் கதவைத் திறந்துவிட, அடுத்த பேட்ச் வெள்ளமாக உள்ளே புகுந்தது.

பூஜா சாப்பிட்டாளோ இல்லையோ, கண்ணாடி ஷெல்பு முன்னால் போய் நின்றிருந்தாள். ஒவ்வொரு தட்டாகக் கொண்டுவந்து அடுக்க அடுக்க எட்டி எட்டிப் பார்த்தாள். கடைசித் தட்டும் வந்த பிறகு எங்களைத் தேடி உள்ளே வந்தாள்.

"அம்மா, என் பஸ்ஸ இன்னும் எடுத்துன்னு வரல."

ஏதாவது பொய் சொல்வாள் என்று நினைத்தேன். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். கலைமதி முட்டி போட்டு உட்கார்ந்து மகளின் தோளைப் பிடித்தாள்.

"நான்தான் பாப்பா உடைச்சிட்டேன். உன்னுதுன்னு தெரியல."

பூஜா அழவில்லை. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஏம்மா உடைச்ச?"

"டோர் இல்லியே. முடிக்கலன்னு நெனச்சிட்டேன்."

"முடிச்சிட்டேன். அது அப்பிடித்தான்."

"டோர் இல்லாம எப்பிடி பாப்பா பஸ்ஸுல ஏறுவாங்க?"

"ஏற முடியாது," என்றாள் பூஜா. "பஸ்ஸு வரும், ஆரன் அடிக்கும், டோர் இருக்காது. நீ நின்னு பாத்துட்டு வூட்டுக்கு வந்துடுவ."

கலைமதியின் கை அந்தப் பிள்ளையின் தோளிலேயே இருந்தது. ஹாலில் பிளாக்குகளை அலசுகிற சத்தம் மறுபடி தொடங்கியிருந்தது. அவள் வீட்டுக்காரர் ஜீவானந்தத்துக்கு நைட் ஷிப்டு, இவளுக்குப் பகல். இருவரும் கேட் மாறுகிற நேரத்தில் பிள்ளை பக்கத்து வீட்டில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் வந்தால் அதுவும் போச்சு. இது தெருவில் எல்லா வீட்டிலும் இருக்கிற கதைதான். அதை ஒரு பிள்ளை கதவை எடுத்துவிட்டுச் சரிசெய்யும் என்று யாருக்குத் தோன்றும்?

லீலா மேடம் எப்போது வந்து நின்றார் என்று தெரியவில்லை. ரகு சாரிடம் போய் ஏதோ பேசினார். ரகு சார் வாட்சைக் காட்டினார், உள்ளே இருக்கிற பிள்ளைகளின் தலையைக் காட்டினார், முடியாது என்று தலையை ஆட்டினார். ஒரு பிள்ளைக்கு ஒரு முறைதான், இன்னொரு நாற்காலி கிடையாது. மேடம் கோபப்படாமல் திரும்பி வந்து, பிள்ளைகள் வாயில் வைத்து எச்சிலாக்கியதைக் கழுவிக் காய வைக்கிற பின்பக்க மேசையைக் காட்டினார்.

"அங்க உட்காரட்டும். ஸ்கூல் பஸ் கிளம்பற வரைக்கும் நேரம் இருக்கு. நீங்களும் போங்க கலைமதி. ஆனா கை பின்னால."

ஈரம் காயாத பிளாக்குகளை முன்னால் குவித்துக்கொண்டு பூஜா மறுபடி கட்டினாள். நீலம் போதவில்லை, பச்சையையும் சேர்த்துக்கொண்டாள். கலைமதி பக்கத்தில் நின்றாள். பின்னால் கட்டிய கையில் ஒன்று மற்றதை எப்படிப் பிடித்திருந்தது என்று நான் என் மேசையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன், விரல் எல்லாம் வெளுத்துப் போயிருந்தது. வெளியே பள்ளி பஸ் ஆரன் அடித்தது. டீச்சர் வாசலில் தலையை எண்ணுகிற சத்தம் கேட்டது. பூஜாவின் கை வேகமாக ஓடியது. சக்கரம், ஜன்னல், சீட். டிரைவர் பொம்மை கிடைக்கவில்லை, டிரைவர் இல்லாமலே விட்டாள். எனக்கு இருப்புக் கொள்ளாமல் ஒரு சாக்கு வைத்துக்கொண்டு அவர்கள் பக்கம் போனேன்.

கடைசியில் குவியலைக் கிளறி ஒரு குட்டிக் கதவை எடுத்தாள். பஸ்ஸின் பக்கச் சுவரில் கொஞ்சம் பிரித்து அதை அழுத்தி மாட்டினாள். திறந்து மூடிப் பார்த்தாள்.

"டோர் இருக்காதுன்னு சொன்னியே பாப்பா," என்றாள் கலைமதி.

"இல்லன்னா நீ மறுபடியும் உடைச்சிடுவ," என்றாள் பூஜா.

கோபமாகச் சொல்லவில்லை. விதி என்ன என்று தெரிந்துகொண்ட பிள்ளை சொல்வது போலச் சொன்னாள். சொல்லிவிட்டுத் தட்டு எங்கே என்று பார்த்தாள்.

கலைமதி கையை முன்னால் கொண்டுவந்தாள். லீலா மேடம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். நகத்தை உள்ளே கொடுத்து அந்தக் கதவைப் பிடுங்கினாள். ஓட்டையை அடைக்க நீலம் தேடினாள், இல்லை, ஒரு பச்சைப் பிளாக்கை வைத்து அழுத்தினாள். அது சரியாக உட்காரவில்லை. ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. அத்தனை வருஷம் பீஸ் பார்த்தவள் அதை அப்படியே விட்டுவிட்டு, "இப்ப ஓகேவா?" என்று மகளைக் கேட்டாள். பூஜா அந்தப் பச்சையைத் தானே எடுத்து நேராக வைத்தாள். அப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்தது.

பஸ்ஸைத் தட்டில் வைத்துக் கலைமதியே வாசலுக்குக் கொண்டுபோனாள். ரகு சார் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னம்மா, டோரைக் காணோம்? இதையா வைக்கிறது?"

"அது ஓகே பீஸு சார்," என்றாள் கலைமதி. "அதுல எதுவும் மிஸ்ஸிங் இல்ல."

அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஷெல்பைத் திறந்தார். பள்ளி பஸ்ஸின் ஜன்னலிலிருந்து பூஜா பார்த்துக்கொண்டே போனாள்.

மறுநாள் காலை மண்ணூர் ஸ்டாப்பிங்கில் வழக்கம்போல நின்றோம். பக்கத்து வீட்டு மீனம்மாள் பூஜாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிற முறை அன்று அவளுடையது. பூஜா வேன் வருகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலை பின்னி, பூ வைத்து, புத்தகப் பை மாட்டி எல்லாம் சரியாக இருந்தாள். வேன் தெரிந்ததும் கலைமதி குனிந்து, ஏற்கெனவே போட்டிருந்த அவள் ஷூ லேஸை அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

வேன் வந்தது. ஆரன் அடித்தது. பக்கத்தில் இழுத்துத் திறக்கிற கதவு, திறந்துதான் இருந்தது. நான் முதலில் ஏறினேன். கலைமதி கடைசியாக ஏறிக் கதவோரச் சீட்டில் உட்கார்ந்தாள். அங்கேயிருந்து பூஜாவுக்கும் அவளுக்கும் நடுவில் எதுவும் இல்லை, கை நீட்டினால் தொடலாம்.

"டோரை இழுத்துச் சாத்தும்மா, போலாம்," என்றார் டிரைவர்.

கலைமதியின் கை மடியிலேயே கிடந்தது. டிரைவர் மறுபடி சொன்னார். பின்னால் ஒரு லாரி ஆரன் அடித்தது. பூஜா கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் கலைமதி மேல் சாய்ந்து கையை நீட்டி, கதவை இழுத்துச் சாத்தினேன்.